கைராசிக்கு இங்கிலீஷ்

“...சுத்தியலப் பாக்காத, ஆணியப் பாருன்னு நான் ஒரு தபா சொன்னத நீ தாம்பரம் பூரா சொல்லிக்கினு திரிஞ்ச. டீக்கடைல சொன்ன. ரயில்வே கேட்டாண்ட நிக்கறவன் போறவன்கிட்டல்லாம் சொன்ன. அந்தாளாண்ட மட்டும் ஏன் மச்சான் சொல்லல?”

முடிச்சூரில் தன் வீட்டு வாசலில் நின்றபடி அவன் இதைக் கேட்டான். கையில் பிழியாத காக்கிச் சட்டை ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. என் கையில் வில் இருந்தது. அந்த வில்லைச் செய்து கொடுத்தவனும் அவன்தான். வாய் ஓயாதவன் என்று பேர் எடுத்தவன் நான். அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமானால் ஆயுத பூஜையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் ஒரு கம்பெனி. பேர் வேண்டாம், இப்போது அது இல்லை. வெறும் எலும்பாக வந்து நிற்கும் வண்டி எங்கள் கையில் பட்டு பஸ்ஸாக வெளியே போகும். அவன் தச்சுப் பிரிவு. தரைப்பலகையும் ஜன்னல் சட்டமும் அவன் கைவேலை. நான் பெயிண்ட் பிரிவு. வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும்முன் கண்ணாடிகளின் மேல் பழைய இங்கிலீஷ் பேப்பரை ஒட்டி மறைப்போம். எட்டாவதோடு நின்றுபோன நான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டது அந்தக் கண்ணாடிகளில்தான். ஒரு பத்தியின் தலை இந்த ஜன்னலில் இருக்கும், வால் அடுத்த ஜன்னலில் தலைகீழாக இருக்கும். வார்த்தைகள் தெரிந்தன. அவை எந்த இடத்தில் நிற்க வேண்டியவை என்பது தெரியவில்லை. ஆனாலும் ஷெட்டில் மற்றவர்களுக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுப்பவன் நான்தான். ‘பேப்பர்’ என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். அவனை எல்லோரும் ‘பாய்’ என்பார்கள். நான் மட்டும் மச்சான் என்பேன், அவனும் என்னை அப்படியே.

இரண்டு பேரும் டெம்ப்ரவரி. சில மாதத்துக்கு ஒருமுறை கணக்கிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள். பத்து நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி கேட்டில் போய் நிற்க வேண்டும். மறுபடி எடுத்துக்கொள்வார்கள். இப்படியே அவனுக்கு ஆறு வருஷம், எனக்கு நாலு. பெர்மனென்ட் ஆவதை எங்கள் ஷெட்டில் ‘பேர் ஏறுவது’ என்று சொல்வார்கள். பேர் ஏறினவனுக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, திங்கட்கிழமை காலையில் கேட்டில் போய்க் கெஞ்சும் முகத்தோடு நிற்க வேண்டியதில்லை. அவனுடைய மாமியார் பல்லாவரத்திலிருந்து வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பாராம், “மாப்ள, பேரு ஏறிச்சா?” என்று. அவன் அதை என்னிடம் சொல்லிச் சிரிப்பான். சிரித்துவிட்டு, அந்த வார்த்தையையே இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்ப்பான். “பேரு ஏறிச்சா.”

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஷெட்டில் நாடகம் போட்டோம். வேட்டைக்குப் போய் வழி தவறும் ஒரு ராஜாவின் கதை. ராஜா நான். பேசத் தெரிந்தவன் என்பதால் கொடுத்தார்கள். வில்லும் அம்பும் அவன் செய்தான். நாடக வில்தானே, அட்டையில் வெட்டிக் கலர் அடித்தால் போதும் என்றேன். “அட்டைல செய்யறதுக்கு நான் இன்னாத்துக்கு?” என்று கேட்டுவிட்டு, மூங்கிலைப் பிளந்து, சீவி, அனலில் வாட்டி, நிஜ வில்லையே கொண்டு வந்துவிட்டான். மேடையில் என்னால் அதைப் பாதிகூட இழுக்க முடியவில்லை. அம்பு என் காலடியிலேயே விழுந்தது. முன்வரிசையில் யாரோ, “ராஜா, மானை இங்க கூட்டினு வரட்டா?” என்று கேட்க, ஷெட்டே சிரித்தது.

அவனுக்குப் பொறுக்கவில்லை. நான் கேலிக்கு ஆளானதை விட, தன் வில் கேலிக்கு ஆளானதுதான் காரணம் என்று பிற்பாடு சொன்னான். காக்கிச் சட்டையோடே மேடைக்கு ஏறி, என் கையிலிருந்து வில்லை வாங்கி, நின்ற வாக்கில் ஒன்று விட்டான். பின்திரையில் வரைந்திருந்த மானின் கண்ணில் போய்க் குத்தி நின்றது அம்பு.

நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெல்ஃபேர் ஆபிசர் எழுந்தே நின்றுவிட்டார். வடக்கேயிருந்து வந்தவர். மிலிட்டரியில் ரிட்டையர் ஆனவர். தமிழ் நாலு வார்த்தை தெரியும், அதில் இரண்டு கெட்ட வார்த்தை. மறுநாள் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். அடுத்த கோடையில் கம்பெனிகளுக்குள் நடக்கும் விளையாட்டுப் போட்டியில் வில்வித்தையையும் சேர்க்கப் போகிறார்கள், அதற்கு நம் கம்பெனிக்கு ஒரு ஆள் வேண்டும், ஆடுகிறவனுடைய பேரைப் பெர்மனென்ட் பட்டியலில் ஏற்ற தனக்கு அதிகாரம் இருக்கிறது என்றார். இதை நான்தான் அவனுக்குத் தமிழில் சொன்னேன். வெளியே வந்ததும் அவன் தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான்.

மழை ஓய்ந்து, பொங்கல் கழிந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பாக்கம் ஏரிக்குப் போக ஆரம்பித்தோம். கரையின் வெளிச் சரிவில் வைக்கோல் அடைத்த கோணியைச் சாய்த்து வைத்து, சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டோம். தப்பின அம்பு மண்ணில் குத்திக்கொள்ளும், தேட வேண்டியதில்லை. எனக்கும் ஒரு வில் செய்திருந்தான். துணைக்கு நீயும் விடு, தனியாக நின்றால் பைத்தியக்காரன் மாதிரி இருக்கும் என்றான். அம்புகளுக்கு நாணல் தண்டு. நுனிக்கு சைக்கிள் கம்பியை அறுத்துத் தட்டியது. பின்னால் கோழி இறகை வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டினான். மேஜை நாற்காலி ஒட்டுகிற அந்த வஜ்ஜிரத்தின் நாற்றம் எங்கள் சட்டையை விட்டுப் போகவே இல்லை.

மானின் கண்ணில் குத்தினவனுக்கு ஏரிக்கரையில் கோணியே அகப்படவில்லை. அது எனக்கும் அதிசயமாக இருந்தது, அவனுக்கும்தான். முதல் மாதம் முழுக்க அம்பு இடது பக்கமாகவே போனது. பிறகு மேலே போனது. புல் அறுக்க வரும் ஒரு அம்மா தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு ஒருநாள் பூராவும் பார்த்தார். கடைசியில் கேட்டார்: “ஏன்யா, கரைக்கு இன்னா காய்ச்சலா? ரெண்டு பேரா நின்னு ஊசி போட்டுக்கினே கீறீங்க?”

அந்த வார்த்தையை மறுநாளே ஷெட்டில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இது ஒரு வியாதி. யாராவது ஒன்றை அழகாகச் சொல்லிவிட்டால், அதை மடியில் கட்டிக்கொண்டுபோய் இன்னொருவருக்குக் கொடுத்தாக வேண்டும்.

அவன் தச்சன். எதற்கும் கோடு போட்டுப் பழகினவன். துப்பாக்கிக்கு இருப்பதுபோல இந்த வில்லில் குறி பார்க்க ஒன்றும் இல்லையே என்று, பென்சிலால் வில்லின் உட்பக்கத்தில் கோடுகள் போட்டான். இருபது தப்படிக்கு ஒரு கோடு, முப்பதுக்கு ஒன்று, நாற்பதுக்கு ஒன்று. கோணிக்கு நேராகக் கோட்டை நிறுத்தி, ஒரு கண்ணை மூடி, அம்பின் நுனியைப் பார்ப்பான். அப்புறம் கோட்டைப் பார்ப்பான், வட்டத்தைப் பார்ப்பான், மறுபடி நுனியைப் பார்ப்பான். இத்தனையும் பார்த்து முடிவதற்குள் இழுத்துப் பிடித்த கை நடுங்கத் தொடங்கிவிடும். நாண் முழங்கையில் அறைந்து அறைந்து இருவருக்கும் தோல் கன்றிப் போயிற்று. பிறகு சைக்கிள் டியூபை வெட்டிக் கையில் கட்டிக்கொண்டோம்.

“கோடு கரீட்டா கீது. நான்தான் கரீட்டா இல்ல,” என்பான். எரிச்சலில் சில ஞாயிறுகளில் திரும்பும் வழியெல்லாம் கோடைக்கு இன்னும் எத்தனை வாரம் என்று விரல் விட்டு எண்ணுவான், அவ்வளவுதான்.

விஷயம் திறந்துகொண்டது ஏரியில் இல்லை, ஷெட்டில். ஒருநாள் பெயிண்ட் டப்பா வைக்க ஒரு தட்டு அடித்துக்கொள்ளலாம் என்று அவனுடைய பிரிவுக்குப் போய்ச் சுத்தியலை எடுத்தேன். இரண்டாவது அடியிலேயே கட்டை விரலில் போட்டுக்கொண்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“இன்னாத்தப் பாத்து அடிச்ச?”

“சுத்தியலத்தான். அது எங்க போவுதுன்னு பாக்க வேணாமா?”

“சுத்தியலப் பாத்தா வெரல்லதான் வுழும். சுத்தியலப் பாக்காத, ஆணியப் பாரு. சுத்தியலு தானா...”

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டான். என்னைப் பார்த்தபடி நின்றானே தவிர, என்னைப் பார்க்கவில்லை. பிறகு, “அன்னிக்கு மேடைல நான் மானோட கண்ணத்தான பாத்தேன்,” என்றான். “வில்லு கைல இருந்ததே தெரியாது.”

அந்த ஞாயிறு உப்புத்தாளை எடுத்துக் கோடுகள் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டான். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டான். கோணியைப் பார்க்கவில்லை, வட்டத்தையும் பார்க்கவில்லை. வட்டத்தின் நடுவில் நீட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு வைக்கோல் துண்டைப் பார்த்தான். இடது கையை, தெருவில் போகிற ஒருவரைச் சுட்டிக் காட்டுவது போல நீட்டினான். “ஆளக் காமிக்கறப்போ வெரலையா பாத்துக்கினு காமிக்கறோம்?” என்றான். நாணைப் பிடித்த கை ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் ஒரே இடத்தில், கடைவாய்ப் பல்லுக்கு நேராக வந்து தொட்டது. தொட்டதும் விட்டான். முன்போல இழுத்து நிறுத்திக்கொண்டு நடுங்கவில்லை. முதல் அம்பு கோணியின் ஓரத்தில். இரண்டாவது வட்டத்துக்குள். இருட்டும்வரை விட்டான். சித்திரை பிறப்பதற்குள் பத்துக்கு ஏழு எட்டு வட்டத்துக்குள் நின்றது. இருபது தப்படியோ நாற்பதோ, நின்ற இடத்திலிருந்து விட்டான்.

எனக்கு அது வரவில்லை. வைக்கோலைப் பார் என்றால் வைக்கோலைப் பார்ப்பேன், கூடவே அதைப் பற்றி ஏதாவது பேசவும் செய்வேன். “உன் வாயி நின்னாத்தான் உன் கண்ணு நிக்கும்,” என்றான். நிற்கவில்லை. எனக்குப் பிடிமானத்துக்கு ஏதாவது வேண்டும் என்று அடம்பிடித்தேன். மூங்கிலில் ஆணி அடித்தால் பிளந்துவிடும் என்று, ஒரு ஆணியை வளைத்து, என் வில்லின் கைப்பிடிக்கு மேலே மெழுகு நூலால் இறுகச் சுற்றிக் கொடுத்தான். “இந்தா, உனக்கு ஆணியே வெச்சிட்டேன். இதப் பாத்து வுடு.” அதை வைத்து ஏதோ ஆறுக்கு ஒன்று, இரண்டு பட்டது. எனக்கு அது போதும். பேர் ஏற வேண்டியவன் அவன்தானே.

அவனைப் பற்றிப் பேசுவதுதான் எனக்கு முழுநேர வேலை. குறியே பார்க்காமல் குறியில் அடிக்கிறவன் என்று மார்க்கெட்டில் சொன்னேன், ஸ்டேஷன் வாசலில் சொன்னேன், கேட் மூடிக் காத்திருக்கும்போது பக்கத்து சைக்கிள்காரரிடம் சொன்னேன். சுத்தியல், ஆணிக் கதையையும் சேர்த்துத்தான். டீக்கடையில் அவனைக் கண்டதும் மாஸ்டர், “குறி பாக்காதவரு வந்துட்டாரு, நானும் கிளாஸப் பாக்காமயே ஊத்தறேன்,” என்று கையைத் தூக்குவார். அவன் தலையைக் குனிந்துகொள்வான். பிடித்திருந்தது அவனுக்கு, எனக்குத் தெரியும்.

வைகாசியில் ஆபிசர் பார்க்க வந்தார். ஷெட்டுக்குப் பின்னால் காலி இடம். வைக்கோல் கட்டுகளை அடுக்கி, நடுவில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார். கையில் ஒரு அச்சடித்த படிவம். முப்பது கஜத்திலிருந்து அவன் ஆறு அம்பு விட்டான். நாலு கறுப்புக் காகிதத்தில், இரண்டு அதன் விளிம்பை ஒட்டி. ஆபிசர் நடந்து போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. வில்லை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். துப்பாக்கியில் பழகின கண், எதையோ தேடியது. படிவத்தில் ஒரு இடத்தைப் பேனாவால் தட்டி அவனைக் கேட்டார்: “ஹௌ டு யூ எய்ம்?”

எப்படிக் குறி பார்க்கிறாய் என்று கேட்கிறார். அவன் என்னைப் பார்த்தான்.

சொல்ல வேண்டிய வார்த்தை என் நாக்கிலேயே இருந்தது. எத்தனை பேரிடம் சொன்ன வார்த்தை. ஆனால் தமிழில் இருந்தது. சுத்தியலுக்கு ஹேமர் தெரியும். ஆணிக்கு அந்த நிமிஷம் வரவில்லை. வராதபோது சும்மா இருப்பவனா நான்? தெரிந்ததை வைத்துப் பெருமையடித்தேன்.

“நோ எய்ம் சார்,” என்றேன். “நெவர் எய்ம்.”

“நோ எய்ம்?” ஆபிசரின் பேனா நின்றது.

“ஒன் டைம் ஆல்சோ நோ, சார்.”

அப்படியானால் எப்படிப் படுகிறது என்று கேட்டார். எனக்குள் அப்போது ஒரு வார்த்தை பளிச்சென்று எழுந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு டாக்டர் ஊசி போட்டால் காய்ச்சல் நிற்கும் என்றால் அவருக்குக் கைராசி என்போம். ஒரு அம்மா நட்ட செடியெல்லாம் பிடிக்கும் என்றால் கைராசி. படித்து வருவதும் பழகி வருவதும் மனசு சுத்தமாக இருந்தால் வருவதும் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது. அதைவிடப் பெரிய பட்டம் ஒரு வேலைக்காரனுக்குக் கிடையாது. அதை இங்கிலீஷில் கொடுத்தேன்.

“லக்கி ஹேண்ட், சார். வெரி வெரி லக்கி ஹேண்ட்.”

“லக்,” என்றார் ஆபிசர்.

“எஸ் சார். ஒன்லி லக்.”

அவர் எழுதிக்கொண்டார். அவன் என் பக்கம் சாய்ந்து, “இன்னா சொன்ன?” என்று கேட்டான். கைராசிக்காரன் என்று சொன்னேன் என்றேன். அவன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பி ஒருதரம் பார்த்துக்கொண்டு, சட்டையில் துடைத்துக்கொண்டான். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பிறகு ஆபிசரின் கண் என் வில்லின் மேல் போனது. ஆணியைத் தொட்டுப் பார்த்து, இது என்ன என்றார். “ஃபார் எய்ம், சார்,” என்றேன். “ஆ,” என்றார், பல நாள் தேடின சொந்தக்காரரைக் கண்டதுபோல. என்னையும் ஆறு விடச் சொன்னார். இரண்டு பட்டது. அதையும் எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம் டைம் ஆபிஸ் கிளார்க் என்னை ஜன்னலருகே கூப்பிட்டார். “யோவ் பேப்பர், மேல போயிருக்கறது உன் பேருய்யா,” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “பாய்க்கு குருட்டு அதிர்ஷ்டத்துல படுதாம், அத நம்பி ஆள அனுப்ப முடியாதாம். உனக்கு அடி கம்மியா விழுந்தாலும் முறை இருக்காம், கத்துக்கொடுத்தா வந்துடுமாம். அப்படித்தான் எழுதியிருக்கார்.”

“நான் கைராசின்னுதான் சார் சொன்னேன்.”

“லக்னு சொல்லியிருக்க. லக்னா சீட்டாட்டத்துல விழறது. கைராசிக்கு இங்கிலீஷ் கெடையாதுய்யா.” கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இன்னும் உன் கையெழுத்து ஆகல. சொல்றதுன்னா நாளைக்குக் காலைலயே போய்ச் சொல்லிடு. அதுக்கப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது.”

அன்று சாயங்காலம் சைக்கிளில் போகும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி வரும்வரை நின்றுகொண்டிருந்தேன். அப்போது ஆணிக்கு இங்கிலீஷ் தானாக வந்தது. நெயில். வராமல் என்ன? மரச் சட்டத்தில் ஆணி அடித்த குழியைப் பட்டி வைத்து அடைக்கும்போது தினமும் நாங்கள் சொல்லும் வார்த்தை. நெயில் ஹோல். என் பிரிவின் வார்த்தை அது. வாக்கியத்தையே சேர்த்துக்கொண்டேன்: ஹேமர் நோ லுக்கிங் சார், நெயில் லுக்கிங். தப்பான இங்கிலீஷ்தான். ஆனால் ஆணியைப் பார்த்து அடிக்கத் தெரிந்த எந்த மனிதனுக்கும் புரிந்துவிடும்.

காலையில் ஆபிசரின் அறை வாசலில் அதைச் சொல்லிக்கொண்டே நின்றேன். நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. உள்ளே கூப்பிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையை நீட்டினார். என் வாழ்க்கையில் ஒரு ஆபிசர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கியது அன்றுதான். மேஜைமேல் காகிதம் இருந்தது. டைப் அடித்த என் பேர் இருந்தது. அதைத் தலைகீழாகவே படித்தேன், அதில் எனக்கு நல்ல பழக்கம். பேனாவை என் பக்கம் தள்ளினார்.

நான் வாயைத் திறந்தேன். வாக்கியம் அங்கேயே இருந்தது. நாலு வருஷம் கேட்டில் நின்றதும் அங்கேயே இருந்தது. என் அம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிறர் கேட்பதற்கு முன்பே, “இன்னும் டெம்ப்ரவரிதான்,” என்று தானாகச் சொல்லிவிடும் குரலும் இருந்தது. “தேங்க் யூ சார்,” என்றேன். கையெழுத்துப் போட்டேன். வாய் நின்றால் கண் நிற்கும் என்று அவன் சொன்னது அன்றைக்குப் பலித்தது. கோட்டின் மேலேயே நேராக, அழகாக விழுந்தது கையெழுத்து.

யார் சொன்னார்களோ, மத்தியானத்துக்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் வந்து ஒன்றும் கேட்கவில்லை. வேலையை முடித்து, உளி, இழைப்புளி எல்லாவற்றையும் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனான். அடுத்த நாலு நாளும் வரவில்லை. ஷெட்டில் ஒருவரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. தச்சுப் பிரிவில் ஒருவர் மட்டும், தட்டு அடிக்க இன்னொரு தடவை சுத்தியல் கேட்டபோது, “பேரு ஏறுன கை, ஜாக்கிரதையா புடி,” என்று கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் முடிச்சூருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் வில்லை எதற்கு எடுத்துப் போகிறான்? போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. ஆறுக்கு இரண்டுதான் எனக்குப் பட்டுக்கொண்டிருந்தது. அந்த இரண்டும் படாமல் போனால், ஏறின பேரை எடுத்துவிடுவார்களோ என்று பயம். சொல்லிக் கொடுக்க இந்த ஊரிலேயே ஒரே ஒரு ஆள்தான்.

கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவன் சட்டையோடு வாசலுக்கு வந்தான். அது கம்பெனிச் சட்டை. வேலையை விட்டு நின்றுவிடுகிறவன் துவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டிய சட்டை. உள்ளேயிருந்து அவன் மாமியாரின் குரல், “யாரு மாப்ள?” என்று கேட்டது.

“கம்பெனி ஆளு,” என்றான்.

நான் எதையெதையோ சொன்னேன். ஆணிக்கு அன்றைக்கு இங்கிலீஷ் வரவில்லை என்றேன். கைராசி என்றுதான் மனசாரச் சொன்னேன் என்றேன். அதெல்லாம் உண்மை. ரயில்வே கேட்டில் நின்று சேர்த்துக்கொண்ட வாக்கியத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, “மூணு ஞாயிறு மட்டும் ஏரிக்கு வாயேன் மச்சான். நீ பக்கத்துல நின்னாப் போதும்,” என்றேன்.

போட்டியில் நான் கடைசியாக வந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேரை யாரும் எடுக்கவில்லை. அடுத்த வருஷம் வில்வித்தையைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். என் பேர் இருந்தது, கம்பெனி மூடும்வரை இருந்தது. குவார்ட்டர்ஸ் கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று. அவன் மறுபடி கேட்டுக்கு வரவில்லை. முடிச்சூரில் வயல்களைப் பிளாட் போட்டு வீடுகள் எழும்ப ஆரம்பித்த காலத்தில், அங்கே நிலை, கதவு போடும் வேலைக்கு அவனைத்தான் தேடிப் போவார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல கைராசி என்று சொல்வார்களாம். இதை நான் யாரிடமும் கொண்டுபோய்ச் சொல்லவில்லை.

அன்றைக்கு, ஏரிக்கு வா என்று நான் கேட்டதற்குத்தான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். நீ எல்லோரிடமும் சொன்னாயே, அவரிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை என்று. குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவனைப் போலக் கேட்டான். முதல் தடவை தெரியாமல் சொல்லவில்லை, இரண்டாம் தடவை தெரிந்தே சொல்லவில்லை என்பதுதான் பதில். அத்தனை சின்னப் பதில். நான் வில்லை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டேன்.

அவன் சொட்டும் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டான். பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிற்று. என் கையிலிருந்து வில்லை வாங்கினான். கைப்பிடிக்கு மேலே சுற்றியிருந்த மெழுகு நூலின் முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்து, வளைந்த ஆணியை எடுத்துக்கொண்டு, வில்லை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். கதவுக்குப் பின்னால் இருந்த பையிலிருந்து சுத்தியலை எடுத்தான். வாசல் கல்லின் மேல் ஆணியைப் படுக்க வைத்து இரண்டு தட்டுத் தட்டி நிமிர்த்தினான். அதை வாசல் நிலையின் மரத்தில், என் தோளுக்கு மேலே வைத்து அடித்தான். என் முகம் அந்த ஆணிக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. ஆணியை விட்டுக் கண்ணை எடுக்காமல் நாலே அடியில் இறக்கிவிட்டு, தோளிலிருந்த சட்டையை உதறி அதில் மாட்டினான்.